பாத்துப் போங்க

சாரதி அனுமதிப்பத்திரம் கைக்குக் கிடைத்த பிறகும் வாகனம் ஓட்டப் படிக்கின்ற ஒருவரை நமது ஊர்களில் நான் கண்டதில்லை. ஓதுகின்ற விஷயத்தில் நாம் அப்படியில்லை. சின்ன வயதில் லெப்பையிடம் ஓதி முடித்து, அறுபது வயது வரை தினமும் ஓதி வந்த ஒருவர், ஓய்வு கிடைத்ததும் ஒரு ஹாபிழுக்கு முன்னால் போய் உட்கார்ந்து தஜ்வீத் படிப்பதை நாம் மதிப்போடு பார்க்கிறோம். ஓதத் தெரியாமலா அவர் போகிறார்? தெரிந்ததைச் செம்மையாக்கப் போகிறார். ஆனால் பதினைந்து வருடமாகக் கார் ஓட்டுகின்ற ஒருவன் "வாகனம் ஓட்டப் படிக்கப் போகிறேன்" என்று சொன்னால் நமக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

எனது உம்மாவும் சிரித்தா. 2011இல் தொலைபேசியில் இந்த விஷயத்தைச் சொன்னபோது, "என்ன மனே, லைசன பறிச்சுப் போட்டாங்களா?" என்று முதலில் பயந்தா. அப்படியொன்றுமில்லை, ஓய்வு நேரத்தில் பொழுதுபோக்காகத்தான் படிக்கிறேன் என்றேன். "பொழுது போகல்லெண்டா ரெண்டு ஜுஸ்உ ஓதன்" என்றா. அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

லண்டனின் வடமேற்குப் பகுதியில் ஹரோவில் இருக்கிறேன். இங்கே சனி, ஞாயிறுகளில் சிலர் மீன்பிடிக்கப் போவார்கள். சிலர் தோட்டம் செய்வார்கள். இன்னும் சிலர், ஏற்கெனவே நன்றாக ஓட்டத் தெரிந்தவர்கள், பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்துக் கொண்டு மறுபடியும் ஓட்டிப் பழகுவார்கள். அதற்கென்று இரண்டு அமைப்புகள் பேர் பெற்றவை. ஒன்று 1956இல் தொடங்கிய 'இன்ஸ்டிடியூட் ஒஃப் அட்வான்ஸ்ட் மோட்டரிஸ்ட்ஸ்'. 2016 முதல் அதற்கு 'ஐ.ஏ.எம். ரோட்ஸ்மார்ட்' என்று பெயர். மற்றது 'ரொஸ்பா' என்கின்ற விபத்துத் தடுப்புச் சங்கத்தின் சாரதிகள் பிரிவு. முதலாவதில் பழக்கிக் கொடுப்பவர்களை 'ஒப்சேர்வர்' என்பார்கள். பெரும்பாலும் தொண்டர்கள். தங்களை ஆசிரியர் என்று சொல்லிக்கொள்ள மாட்டார்கள், பார்ப்பவர் என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்துக் கொண்டது.

இலங்கை அனுமதிப்பத்திரத்தோடு இங்கு குடிவந்தவர் பன்னிரண்டு மாதம்தான் ஓட்டலாம். அதன்பின் இவர்களுடைய பரீட்சைக்குத் தோற்றியே ஆகவேண்டும். நானும் தோற்றினேன். வீதிப் பரீட்சை ஏறக்குறைய நாற்பது நிமிடம். சிறு தவறுகள் பதினைந்து வரை பொறுத்துக்கொள்வார்கள். பாரதூரமான தவறு ஒன்று வந்தாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரண்டு நாட்டிலும் இடப்பக்க ஓட்டம் என்பது வெள்ளைக்காரன் விட்டுப் போனதில் நமக்குக் கிடைத்த ஒரு வசதி. சித்தியடைந்தேன், போதும் என்று இருந்தேன்.

பிறகு ஏன் போனேன் என்றால், வாப்பாவினால்தான். வாப்பா இலங்கைப் போக்குவரத்துச் சபையில் சாரதியாக இருந்தவர். லேலன்ட் பஸ். கியர் ஒன்றைக் குறைக்க இரண்டு தடவை கிளச் மிதிக்க வேண்டிய காலத்து வண்டி. சந்தை நாளில் நிறைந்து வழியும் பஸ்ஸில், கம்பியைப் பிடிக்காமல் நின்றபடி ஒரு கிழவி சில்லறையை எண்ணிக் கொண்டிருப்பதை நான் கண்டிருக்கிறேன். பஸ் நிற்பதற்குச் சற்று முன் பிரேக்கை இலேசாக விட்டுக் கொடுப்பார் வாப்பா. அதனால் நிற்கும்போது யாருடைய தலையும் முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வராது. "எப்படி வாப்பா?" என்று கேட்டால், "பாத்து ஓட்டணும்" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லமாட்டார். அவர் மௌத்தாகி நெடுங்காலத்தின் பின், வேலைத்தலத்து நண்பர் ஒருவரின் காரில் போகும்போது, நிற்கின்ற கணத்தில் பிரேக் அதேபோல் விடுபட்டதை எனது கழுத்து அறிந்து கொண்டது. எங்கே படித்தீர்கள் என்று கேட்டேன். அவர்தான் என்னை அந்த மன்றத்துக்கு அழைத்துப் போனார்.

'பாத்து' என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நமது பகுதியில் வாசல்படியில் நின்று யாரை வழியனுப்பினாலும் "பாத்துப் போங்க" என்கிறோம். ஸலாத்துக்கு அடுத்தபடியாக நாம் அதிகம் சொல்கின்ற வார்த்தை அதுவாக இருக்கும். எதைப் பார்ப்பது என்று மட்டும் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை.

இந்த நாட்டுக்காரர்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள். 1930களின் நடுப்பகுதியில் பிரித்தானிய வீதிகளில் வருடமொன்றுக்கு ஏழாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இன்றைக்கு இருக்கும் வாகனங்களில் ஒரு சிறு பங்குதான் அன்று இருந்தன. வாகனம் ஓட்டுவதற்குப் பரீட்சை என்பதே 1935இல்தான் கட்டாயமானது. ஊர்மனைகளில் 30 மைல் வேக எல்லை வந்ததும் அதே வருடம்தான். பொலிசாருடைய கார்களே அடிக்கடி மோதிக் கொண்டிருந்தன. ஹரோவிலிருந்து சிறிது தூரத்திலுள்ள ஹெண்டனில் அவர்களுக்கென்று ஒரு சாரதிப் பாடசாலை அமைந்தது. அதைச் சீர்படுத்த அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் வந்தவர் கொட்டன்ஹாம் பிரபு. போட்டிக் கார் ஓட்டியவர். வேகத்தைத்தான் சொல்லிக் கொடுப்பார் என்று யாரும் நினைக்கக் கூடிய ஆள். அவர் கொடுத்ததோ ஓர் ஒழுங்குமுறை. அந்த வழியில் வளர்ந்த பாடங்களை வைத்து 1955இல் பொலிஸ் சாரதிகளுக்காக 'ரோட்க்ராஃப்ட்' என்ற கைநூல் வெளிவந்தது. காலத்துக்குக் காலம் திருத்தி இன்றும் அச்சிடுகிறார்கள். பொலிசுக்காக எழுதியதைத்தான் எங்களைப் போன்ற பொழுதுபோக்குக்காரர்கள் வாங்கி, கோடு போட்டு, பக்கம் மடித்து வாசிக்கிறோம்.

அந்த நூலின் நடுநாயகமாக இருப்பது ஐந்து படிகள். தகவல், இடம், வேகம், கியர், முடுக்கம். ஒரு வளைவோ, சந்தியோ, நிறுத்தி வைத்த லொறியோ, எதுவாக இருந்தாலும் இந்த வரிசையில் அணுக வேண்டும். முதலில் தகவலைச் சேர். வீதியில் உன் இடத்தை எடு. பிரேக்கால் வேகத்தைச் சரிசெய். அந்த வேகத்துக்குரிய கியரைப் போடு. பிறகு முடுக்கிக் கொண்டு போ. தேவையில்லாத படியை விடலாம், வரிசையை மாற்றக் கூடாது. ஷாபிஈ மத்ஹபில் வுழூவுக்குத் தர்தீப் பர்ளாக இருப்பதைப் போல என்று எனக்கு நானே விளங்கப்படுத்திக் கொண்டேன். ஒப்சேர்வருக்கு அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். வுழூ என்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்து கொண்டு, "இதை விட அது பழையது போலிருக்கிறதே" என்றார்.

ஞாயிறு காலைகளில் ஹரோவிலிருந்து ரிக்மன்ஸ்வேர்த் வழியாக அமர்ஷாமுக்குப் போய், அங்கிருந்து சில்டேர்ன் குன்றுகளின் ஒடுங்கிய வீதிகளில் ஏறுவோம். இரண்டு பக்கமும் பீச் மரங்கள். ஒரு கார் போனால் மறு கார் ஒதுங்க வேண்டிய அகலம். அங்கேதான் எதைப் பார்ப்பது என்பதை எனக்குச் சொல்லித் தந்தார்கள்.

வளைவு ஒன்றை நெருங்கும்போது வீதியின் இடது ஓரமும் வலது ஓரமும் தூரத்தில் ஓரிடத்தில் சேர்வது போலத் தெரியும். அதற்கப்பால் நமது பார்வை போகாது. அந்தப் புள்ளியைத்தான் பார்க்க வேண்டும். புள்ளி நின்ற இடத்தில் நின்று நம்மை நெருங்க விட்டால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். நாம் போகின்ற வேகத்திலேயே அதுவும் நகர்ந்தால் அந்த வேகம் சரி. நம்மை விட்டு ஓடத் தொடங்கினால் வளைவு விரிகிறது, முடுக்கலாம். இதற்கு மேலே ஒரேயொரு சட்டம்: கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகின்ற தூரத்துக்குள், நமது பக்கத்திலேயே, நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் எப்போதும் போக வேண்டும். கேட்க இலேசாக இருக்கிறது. ஒரு நாள் முழுக்க அதன்படி ஓட்டிப் பாருங்கள், வேகத்தைப் பற்றிய நமது எண்ணமே மாறிவிடும். அறிவிப்புப் பலகையிலுள்ள இலக்கம் அந்த வீதிக்கு உரிய அதிகபட்ச வேகம் மட்டும்தான். அந்த நிமிடத்துக்குரிய வேகத்தைச் சொல்வது நமது கண்.

அடுத்தது அடையாளங்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். வீதியில் புதிதாகக் குதிரைச் சாணம் கிடந்தால் அடுத்த வளைவுக்கப்பால் குதிரையில் ஒருவர் போய்க் கொண்டிருக்கலாம். வீட்டு வாசல்களில் குப்பைத் தொட்டிகள் வரிசையாக நின்றால் குப்பை லொறி அந்தப் பக்கம் எங்கோ நிற்கிறது. தாரில் ஈரச் சேறு கண்டால் டிராக்டர். முன்னால் போகும் பஸ்ஸுக்குள் யாராவது எழுந்து நின்றால், மணி அடித்தாகிவிட்டது, பஸ் நிற்கப் போகிறது. நிறுத்தி வைத்த வேனுக்குக் கீழே இரண்டு சின்னக் கால்கள். கடைக் கண்ணாடியில், சந்தியில் நமக்குத் தெரியாத பக்கத்திலிருந்து வருகின்ற காரின் நிழல். தந்திக் கம்பங்களின் வரிசை தூரத்தில் வலப்பக்கம் திரும்பினால் வீதியும் திரும்பக் கூடும். ஆனால் அதை முழுதாக நம்பக் கூடாது என்றார் தபால்காரர். கம்பங்கள் நேரே வயலுக்குள் இறங்க, வீதி மட்டும் வேறு பக்கம் போன ஓரிடத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போயும் காட்டினார்.

ஒரு சிறுகதையை வாசிக்கும்போது முதற் பக்கத்தில் ஒரு பாத்திரம் இருமினால் கதாசிரியர் அதைச் சும்மா வைக்கவில்லை என்று நாம் நினைக்கிறோமல்லவா? வீதியையும் அப்படி வாசிக்கலாம். இங்கு யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் வித்தியாசம்.

பார்ப்பதை வாய்விட்டுச் சொல்லிக் கொண்டே ஓட்டுவது ஒரு பயிற்சி. 'கொமன்டரி' என்பார்கள். கண் எதைத் தவற விடுகிறது என்பதை வாய் காட்டிக் கொடுத்துவிடும். எனக்கு ஆங்கிலத்தில் சொல்லி முடிப்பதற்குள் அந்த இடம் பின்னால் போய்விட்டிருக்கும். ஆகவே தனியாக ஓட்டும்போது தமிழில் பழகினேன். அப்போதுதான் நமது மொழியில் இதற்குச் சொற்கள் எவ்வளவு குறைவு என்பது தெரிந்தது. அவர்கள் 'ஹஸார்ட்' என்கின்ற ஒன்றுக்கு நாம் 'ஆபத்து' என்கிறோம். ஆபத்து என்றால் வந்துவிட்டது என்று பொருள். வரக்கூடியது, இன்னும் வராதது, வராமலே போகக்கூடியது என்பதற்கு எனது ஊர்ப் பேச்சில் ஒரு சொல்லும் அகப்படவில்லை. அகராதியில் 'இடர்' இருக்கிறது. வாப்பாவிடம் போய் 'இடர்' என்றால் "என்ன கிழங்கு அது?" என்று கேட்டிருப்பார்.

இந்த மன்றத்தாரைப் பற்றி வெறும் புகழாகவே எழுதி வைத்தால் அது நேர்மையில்லை. பெரும்பாலானவர்கள் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். நான் போன காலத்தில் அந்த அறையில் கறுத்த முகம் என்னுடையது மட்டும்தான். ஸ்டியரிங்கைக் கைமாற்றிக் கைமாற்றி இழுத்துத் தள்ள வேண்டுமா, இல்லையா என்று ஒரு மாலை முழுவதும் தேநீரும் பிஸ்கட்டுமாக வாதாடினார்கள். நமது ஊரில் தராவீஹ் எட்டா இருபதா என்று நடக்கும் விவாதத்தின் நினைவு வந்தது. சிலருக்குச் சான்றிதழ் கிடைத்ததும் வீதியில் போகும் மற்றவர்கள் எல்லோரும் மடையர்களாகி விடுவார்கள். அதுவும் ஒரு நோய்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1966இல் பிரித்தானிய வீதிகளில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தார்கள். இப்போது வருடத்துக்கு 1,600 சொச்சம். இதை இந்த மன்றங்கள் சாதித்தன என்றால் அது பொய். மதுப் பரிசோதனை 1967இல் வந்தது. முன் ஆசனப் பட்டி 1983இல் கட்டாயமானது. வீதிகளும் வாகனங்களும் திருந்தின. சட்டமும் பொறியியலும்தான் பெரும் பங்கைச் செய்தன. இரண்டேகால் கோடி அளவு சனம் வாழும் நமது நாட்டில் வருடந்தோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீதியில் சாகிறார்கள். இங்கே சனத்தொகை அதைப் போல் மூன்று மடங்கு.

2012இல் முதலாவது அமைப்பின் பரீட்சையில் சித்தியடைந்தேன். பரீட்சகர் பொலிஸ் உயர்நிலைச் சாரதிப் பயிற்சி பெற்றவர். ஒன்றரை மணித்தியாலத்துக்குக் கிட்ட ஓட்ட வைத்தார். 2016இல் ரொஸ்பாவில் வெள்ளி, 2019இல் தங்கம். அங்கே எந்தத் தரமும் மூன்று வருடம்தான் செல்லும். பிறகு மறுபடியும் பரீட்சை. எனக்கு அது நியாயமாகப் படுகிறது.

இந்த இரண்டு பரீட்சைக்கும் இடையில், 2015ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், எனது ராத்தாவின் மூத்த மகன் மோட்டார் சைக்கிளில் போகும்போது மௌத்தானான். வயது இருபத்திரண்டு. இரவு ஒன்பது மணியிருக்கும். வயல்களுக்கு ஊடாகப் போகும் வீதி. அறுவடைக் காலம். நெல்மூட்டை ஏற்றிய பெட்டியோடு உழவு இயந்திரமொன்று பின்விளக்கில்லாமல் முன்னால் போய்க் கொண்டிருந்திருக்கிறது. எதிரே ஒரு பஸ், விளக்கைத் தாழ்த்தாமல் வந்திருக்கிறது. அடுத்த நாள் லுஹருக்கு அடக்கிவிட்டார்கள். நான் போய்ச் சேரும்போது பத்து நாள் கடந்திருந்தது.

வீட்டுக்கு வந்த அத்தனை பேரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள். அல்லாஹ் நாடினது நடந்தது. அவனுடைய தவணை அவ்வளவுதான். நானும் அதையே சொன்னேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் வேறு என்ன சொல்ல? அது உண்மையும்தான். நான் அதை நம்புகிறவன்.

மூன்றாம் நாள் அஸருக்குப் பின் தனியாக அந்த இடத்துக்குப் போனேன். வளைவில்லாத வீதி. இங்கிலாந்து வீதிச் சட்ட நூலில் ஓர் அட்டவணை இருக்கிறது. மணிக்கு 40 மைல், அதாவது 64 கிலோமீற்றர் வேகத்தில் போகும் கார் நிற்பதற்கு 36 மீற்றர் வேண்டும். 50 மைலில், அதாவது 80 கிலோமீற்றரில் 53 மீற்றர். உலர்ந்த வீதி, நல்ல பிரேக், விழிப்பான சாரதி என்ற கணக்கில். மோட்டார் சைக்கிளின் விளக்கைத் தாழ்த்தினால் தெளிவாகத் தெரிவது முப்பது, நாற்பது மீற்றர்தான். எதிர் வெளிச்சம் கண்ணில் அடித்தால் அதுவும் இல்லை. அந்த வீதியோரத்தில் நின்று முப்பத்தாறு எட்டு வைத்து நடந்து பார்த்தேன். பிறகு ஐம்பத்து மூன்று. இரண்டுக்கும் இடையிலுள்ள பதினேழு எட்டு ஒரு நடுத்தர வீட்டின் வாசலிலிருந்து கொல்லை வரையுள்ள தூரம். அவன் என்ன வேகத்தில் போனான் என்பது யாருக்கும் தெரியாது. பெட்டியில் ஒரு சிவப்பு விளக்கு இருந்திருந்தால், அல்லது பஸ் விளக்கைத் தாழ்த்தியிருந்தால், அவன் எந்த வேகத்தில் போயிருந்தாலும் வீட்டுக்கு வந்திருக்கக் கூடும். இந்தக் கணக்கை ராத்தாவிடம் நான் சொல்லவில்லை. இந்தப் பக்கங்களை அவ வாசிக்க மாட்டா என்ற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன்.

ஆனால் தேநீர்க்கடையில் சொன்னேன். அதற்கடுத்த வருடம் ஊருக்குப் போனபோது, மரியாதைக்குரிய பெரியவர் ஒருவர், ஹெல்மட், விளக்கு என்றெல்லாம் பேசுவது களா கத்ரில் நம்பிக்கைக் குறைவு என்றார். உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் போகும் வழியில் ஸர்க் என்ற இடத்தில் கொள்ளைநோய்ச் செய்தி கேட்டுத் திரும்பிய சம்பவத்தை அவருக்கு நினைவூட்டினேன். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போகிறோம் என்ற கருத்தில்தான் உமர் (ரலி) பதில் சொன்னார்கள். பெரியவருக்கு இது தெரியாததல்ல. என்னை விட நன்றாகத் தெரியும். நமது ஆட்கள் நெஞ்சுவலி வந்தால் கத்ர் என்று வீட்டில் படுத்திருப்பதில்லை, கண்டி வரைக்கும் வேன் பிடித்து ஓடுகிறார்கள். பின்விளக்கைப் பூட்டச் சொன்னால்தான் கத்ர் ஞாபகம் வருகிறது. பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று வெள்ளிக்கிழமைகளில் கேட்கிறோம். முள்ளையும் கல்லையும் நினைத்துக் கொண்டு வீட்டுக்குப் போகிறோம். விளக்கில்லாத பெட்டி எந்த முள்ளில் சேர்த்தி?

பெரியவர் கோபிக்கவில்லை. "நீங்க அங்க நல்ல ரோட்டுல ஓடுறயள் தம்பி" என்றார். அதுவும் ஒரு பதில்தான்.

2018இல் ராத்தாவின் இளைய மகனுக்குப் பதினெட்டு முடிந்தது. மோட்டார் சைக்கிள் கேட்டான். ராத்தா இரவில் எனக்குத் தொலைபேசி எடுத்து அழுதா. "நீ வந்து ஒரு வார்த்த சொல்லு. ஒன்ட பேச்சக் கேப்பான்." வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறா என்று தெரியும். ஊரில் பைக் இல்லாமல் ஒரு இளைஞன் வேலைக்குப் போகவும் முடியாது, வயலுக்குப் போகவும் முடியாது. வேண்டாமென்று சொல்வதற்காக நான் போகவில்லை.

கார் ஒன்றை வாடகைக்கு எடுத்து அவனைப் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஏ 4 வீதியில் பொத்துவில் பக்கம் போனேன். நான் ஓட்டுகிறேன், நீ கண்ணில் படுவதை எல்லாம் சொல்லிக் கொண்டு வா என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "ஒண்டுமில்ல மாமா, ரோட்டு சும்மா கிடக்கு" என்றான். வீதியோரத்தில் நெல் காயப் போட்டிருந்தது, மாடு ஒன்று மறுகரையிலுள்ள கன்றைப் பார்த்தபடி நின்றது, முன்னால் போன முச்சக்கர வண்டிக்காரர் சந்தி வருமுன் இரண்டு தடவை தலையைத் திருப்பினார். அவை ஒவ்வொன்றையும் நான் சொல்லிக் கொண்டு போனேன். இங்கிலாந்தில் குதிரைச் சாணம் என்றால் அம்பாறைப் பக்கம் யானை லத்தி. சூடாக இருந்தால் அவ்வளவு நல்லதல்ல.

விளக்கு அடிப்பதைப் பற்றியும் பேசினோம். இங்கிலாந்தில் எதிரே வருபவர் விளக்கைச் சிமிட்டினால் பெரும்பாலும் 'நீங்கள் போங்கள்' என்று அர்த்தம். சட்ட நூலின்படி 'நான் இங்கிருக்கிறேன்' என்பது மட்டும்தான். நமது நாட்டில் 'நான் வருகிறேன், நில்' என்று அர்த்தம். ஒரே சிமிட்டல்தான். இதைக் கேட்டு அவன் நெடுநேரம் சிரித்தான். காக்கா மௌத்தான பிறகு அவன் சிரித்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

நாலாம் நாள் அவன் எனக்கு முன்னால் போய்விட்டான். ஓரிடத்தில் வீதி வெறுமையாகத்தான் கிடந்தது. "மெதுவாப் போங்க மாமா" என்றான். ஏன் என்று கேட்டேன். "அஸர் தொழுது முடிஞ்சிற்று. மதரசாப் புள்ளையள் இந்த ஒழுங்கையாலதான் வரும்." அரை நிமிடம் செல்லவில்லை, ஒழுங்கையிலிருந்து தொப்பியும் முந்தானையுமாகப் பத்துப் பதினைந்து பேர் ஓடி வந்தார்கள். பிறகு அவன் நிறுத்தவே இல்லை. நோன்பு காலத்தில் மஃரிபுக்கு முந்திய பத்து நிமிடம் கஞ்சிச் சட்டியோடு பைக்கில் பறப்பவர்களைப் பற்றிச் சொன்னான். வெயிற் காலத்தில் இரவானதும் சூடு ஆறாத தாரில் வந்து படுக்கும் மாடுகளைப் பற்றிச் சொன்னான். கறுத்த மாடு தெரியாது, அதன் கண் மட்டும் தெரியும் என்றான். எந்தக் கடை வாசலில் எந்த நேரத்தில் பஸ் திடீரென்று ஒதுங்கும் என்பதும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஹெண்டனில் இருந்து ஒருவர் வந்தால் இந்த வீதியை அவனிடம்தான் படிக்க வேண்டும்.

வீதியின் இரண்டு ஓரமும் சேர்கின்ற புள்ளிக்குத் தமிழில் என்ன சொல்வது என்று அவனிடம் கேட்டேன். எனக்குப் 'பார்வையெல்லைப் புள்ளி' என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை, அதைச் சொல்லி முடிக்க ஒரு வளைவு வேண்டும். அவன் யோசிக்கவே இல்லை. "முடிச்சு" என்றான். இரண்டு கயிறு சேர்கிற இடம். முடிச்சு ஓடுது, முடிச்சு நிக்குது, முடிச்சு வருது. மூன்று சொல்லில் ஓர் அத்தியாயம் முடிந்தது. அன்றிலிருந்து சில்டேர்ன் குன்றுகளிலும் எனக்கு அது முடிச்சுத்தான்.

மோட்டார் சைக்கிள் எடுத்துக் கொடுத்தோம். மேலங்கியில் ஒளி தெறிக்கும் பட்டி தைத்துப் போட வேண்டும் என்பது ராத்தாவின் நிபந்தனை. இருட்டினால் வேகத்தை முடிச்சுக்குள் வைத்துக் கொள்ள வேண்டும் என்பது என்னுடையது. வயலில் அவர்களுடைய உழவு இயந்திரப் பெட்டிக்குப் பின்விளக்கைப் பூட்டியது அவனாகச் செய்த வேலை. பக்கத்து வயல்காரர்கள் இரண்டு பேரின் பெட்டிக்கும் பூட்டிக் கொடுத்திருக்கிறான். மூன்றாமவர், "பகலிலதானே நான் ஓடுற" என்று மறுத்துவிட்டாராம். அவரோடு இன்னும் பேச்சு நடக்கிறது.

போன மாதம் ராத்தா தொலைபேசியில் வேறொரு முறைப்பாடு வைத்தா. "ஒன்ட மருமகன் பைக்கில போகக்குள்ள தனியப் பேசிட்டுப் போறானாம். பொண் பாக்கிற நேரம் இது. ஊரில என்ன கதைப்பாங்க?"

என்ன பேசுகிறானாம் என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்? முடிச்சு, முடிச்சு எண்டு ஏதோ சொல்றானாம்."